கிடேரிக்குப் பார்த்த பொருத்தம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாணப் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், மோர் வருவதற்குள் "அந்தக் காலத்துப் பால் மாதிரி வருமா" என்று ஆரம்பித்துவிடுகிறோம். நான் தலையை ஆட்டிவிட்டு இலையை மூடிவிடுவேன். வாயைத் திறந்தால் நிற்காது என்று எனக்கே தெரியும். போன வாரம் ஒரு பந்தியில், ஆவடியில் என்னோடு படித்த ஒருத்தி பக்கத்து இலையில் உட்கார்ந்து, "உங்க ஊட்ல ஒரு ஜெர்சி கிடேரி இருந்திச்சே, தேன் கலர்ல, உங்க அக்காதான் இட்டுகினு வருவாங்க, அது ஞாபகம் கீதா இல்லியா?" என்று கேட்டுவிட்டாள். ஞாபகம் இல்லாமல் எங்கே போகும்? அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். நடுவில் யாரும் பொற்காலம் கிற்காலம் என்று பேசக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு ஆவடியை ஒட்டிய சேக்காட்டில். ஒரு பக்கம் எங்களைப் போல ஏர் பிடித்துக்கொண்டிருந்த பழைய குடிகள். இன்னொரு பக்கம் ராணுவத் தொழிற்சாலை ஆட்களின் குவார்ட்டர்ஸ். மதுரைக்காரர், நெல்லைக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று தமிழ்நாடே அங்கே வரிசை வரிசையாகக் குடியிருந்தது. என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா காலையில் அந்த வரிசைகளுக்குப் பால் ஊற்றுவார், மிச்ச நேரத்தில் மிச்சமிருந்த நிலத்தில் கீரை போடுவார். எங்களுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. தொழிற்சாலைச் சங்குதான் எங்களை எழுப்பும், அதுதான் சோறு போடச் சொல்லும். அது ஊதும்போது கைக்குழந்தைகள் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு அழும். எந்த வீட்டில் பச்சைக்குழந்தை இருக்கிறது என்று அதை வைத்தே தெருவில் சொல்லிவிடுவார்கள்.

கொட்டகையில் இருந்ததெல்லாம் குட்டை நாட்டு மாடுகள். மூத்தவள் செவலை. பொறுமைக்குப் பேர்போன மாடு, ஆனால் கறந்தால் செம்பு நிறையாது. குவார்ட்டர்ஸில் புதிது புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஊற்றப் பால் பத்தவில்லை. அதனால் நைனா செவலையை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சீமைக்காளை ஊசி போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் அதைச் செய்த முதல் ஆட்களில் அவர் ஒருத்தர்.

ஆஸ்பத்திரியில் காளை கிடையாது. இதை நான் வெகுநாள் நம்பவில்லை. அங்கே மூலையில் என் இடுப்பு உயரத்துக்கு ஓர் அலுமினியக் கேன் இருக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் தவழும். கிட்டே போனால் கால்விரல் சில்லென்று ஆகும். மாட்டு டாக்டர் அதற்குள்ளிருந்து இடுக்கியால் ஒரு குச்சியை எடுப்பார், துடைப்பக் குச்சியைவிடக் கொஞ்சம்தான் பருமன். வெதுவெதுப்பான தண்ணீரில் அதைப் போட்டு எடுத்து, தோள்வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு மாட்டின் பின்பக்கம் போவார். நாம் மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். கேனுக்குள் காளை இருக்கிறது, குளிருக்குச் சுருங்கிப்போய்ப் படுத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காதான் தலையில் ஒரு குட்டு வைத்து, காளை எங்கேயோ மலைப்பக்கத்துப் பண்ணையில் இருக்கிறது, இங்கே வருவது அதனுடைய வித்து மட்டும் என்று சொன்னாள்.

சுவரில் ஒரு ஜெர்சிக் காளையின் படம் ஒட்டியிருந்தது. "இவர்தான்யா உன் மாட்டுக்கு மாப்பிள்ளை" என்று டாக்டர் விளையாட்டாகச் சொன்னார். அவர் தெற்கத்திக்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார். நைனா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படத்துக்குக் கிட்டே போய், சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார்.

அப்படிப் பிறந்தவள்தான் அந்தத் தேன் கலர் கிடேரி. திமில் இல்லை, மூக்கு மட்டும் கறுப்பு, கண்ணுக்கு மை எழுதினாற்போல ஒரு வளையம். அம்மா அதற்கு வாரா வாரம் மிளகாய் சுற்றிப் போட்டாள். ராணி என்று பெயர் வைத்தது அக்கா. அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும், அக்காவுக்கு என்னைவிட ஒன்பது வயது அதிகம். நடுவில் பிறந்ததெல்லாம் தங்கவில்லை. ராணி அக்கா பேச்சுக்கு மட்டும்தான் கட்டுப்படும். நைனா பிடித்தால்கூட மூக்கணாங்கயிறு அறுந்துவிடும் போல இழுக்கும். அக்கா வாயால் ஒரு 'ச்ச்' சொன்னால் வந்து நிற்கும்.

மாமாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருவார், கையில் எண்ணெய் வாசனையும் பையில் பக்கோடா வாசனையும் இருக்கும். அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது அவர் எங்கள் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போனவர். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றியவர், அவளுக்கு அம்மை போட்டபோது உட்கார்ந்து வேப்பிலையால் விசிறியவர். அவருக்குத்தான் அக்கா என்று அம்மா அவள் பிறந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அக்கா மகளைத் தம்பி கட்டுவது எங்களில் உரிமை. யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அம்மாவைப் பெற்றவர்களும் அப்படித்தான், அந்தத் தாத்தா கட்டியது தன் சொந்த அக்கா மகளை.

மாசி மாதம் ஒரு காலையில் ராணி கத்த ஆரம்பித்தாள். தீனியைத் தொடவில்லை. கயிற்றைச் சுற்றிச் சுற்றி வந்து பக்கத்து மாட்டின் மேல் ஏறப் பார்த்தாள். முதல் பருவம். நைனாவுக்குக் கை கால் ஓடவில்லை. "இன்னிக்கி உட்டா இன்னும் மூணு வாரம் போயிடும், கெளம்பு கெளம்பு" என்று பால் ஊற்றுகிற வேலையை அம்மா தலையில் கட்டிவிட்டு, அக்காவைக் கயிறு பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு, நானும் ஒட்டிக்கொண்டேன்.

மாட்டாஸ்பத்திரியில் நைனா கும்பிட்டுவிட்டு, "சார், செவலைக்குப் போட்டீங்களே, அதே காளையே இதுக்கும் போட்டுடுங்க. அதோட ராசிதான் இம்மாம் லட்சணமா வந்து கீது" என்றார்.

டாக்டர் கையில் மாட்டப் போன உறையை அப்படியே நிறுத்தினார். "என்னய்யா பேசுற? அந்தக் காளை இதுக்கு அப்பன்யா. அப்பனையே மகளுக்குப் போடச் சொல்றியா?"

நைனா முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பளார் பளார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாவம், அவருக்கு அது தோன்றவே இல்லை. காளையைக் கண்ணால் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும். குச்சியைத்தானே பார்த்தார்.

டாக்டர் சிரித்துவிட்டு அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தம் ரொம்ப நெருங்கக் கூடாது. ஒரே ரத்தத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டு போனால், தாய்க்குள்ளே, தகப்பனுக்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கிற குறையெல்லாம் கன்றுக்கு வந்து சேரும். நோஞ்சானாகப் பிறக்கும், சில சமயம் குருடாகப் பிறக்கும். கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது. "வெளி ரத்தம் வரணும்யா. அதுதான் வம்சத்துக்கு நல்லது. எங்கிட்ட இன்னிக்கு அந்தக் காளையோட குச்சிதான் இருக்கு. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில வேற இருக்கும், ஆனா அவ்வளவு தூரம்..."

அவர் முடிப்பதற்குள் நைனா கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

சேக்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போனால் ஒன்றும் தெரியாது. பருவத்தில் இருக்கிற கிடேரியை நடத்திக்கொண்டு போய்ப் பாருங்கள், தெரியும். அப்போது அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம், இடையிடையே வயல், செங்கல் அடுக்கிய மனைகள். ராணி நாலு அடி நடப்பாள், நின்று கத்துவாள். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் ஒரு ஊர்க்காளை மோப்பம் பிடித்து வந்துவிட்டது. கழுத்து தடித்த கறுப்புக் காளை, மூக்கை உயர்த்தி உதட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராணிக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றார். அது ஒரு முட்டு முட்டியிருந்தால் ஆள் காலி. "கயித்த உடாதடி! இது ஏறிச்சின்னா எல்லாம் போச்சு!" என்று கத்தினார். அக்கா ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தன் செருப்பைக் கழற்றி அதன் மூக்கிலேயே ஓங்கி அடித்தாள். அந்தக் காளை அவமானப்பட்ட பெரிய மனுஷன் போலத் திரும்பி நடந்தது. டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். நைனா சிரித்தார், அக்காவும் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

கூவத்துப் பாலத்தில் நின்று ராணிக்குத் தண்ணீர் காட்டினோம். அப்போதெல்லாம் அந்த இடத்தில் காட்டலாம். சென்னீர்குப்பம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது, நைனாவின் குதிகால் வெடிப்பில் ரத்தம். பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரிடம் அவர் போன உடனே கேட்டது, "சார், இது எந்தக் காளை? எங்க கிடேரிக்கு அப்பன் வழியிலயும் ஆத்தா வழியிலயும் ஒட்டக் கூடாது" என்றுதான். அந்த டாக்டர் காளையின் நம்பரைப் பார்த்துச் சொன்ன பிறகும் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அதற்குப் பிறகுதான் ஊசி போட ராணியை மரச்சட்டத்துக்குள் விட்டார்.

திரும்பி வந்த நைனா வேறு ஆளாக இருந்தார். புதிதாகப் படித்த பாடத்தைக் கண்டவர்களிடமெல்லாம் ஒப்பித்தார். டீக்கடையில், கீரைக்கட்டுப் போடுகிற இடத்தில், குவார்ட்டர்ஸ் வாசலில் பால் ஊற்றும்போது, எல்லா இடத்திலும் இதே பேச்சு. "ரத்தம் நெருங்கினா கன்னு தேறாதுங்க. வெளி ரத்தம் வரணும். பார்க்க ஷோக்கா கீதேன்னு ஏமாறக் கூடாது. அத்தொட்டுதான் நான் பூந்தமல்லி வரைக்கும் நடந்தேன்." கேட்டவர்களுக்குக் காது புளித்திருக்கும். வீட்டிலும் அதே பேச்சுதான், அக்கா மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டே கேட்டாள்.

அந்த வாரமே பரிசம் போட நாள் குறித்தார்கள். வைகாசியில் கல்யாணம்.

நானும் அக்காவும் ஒரே பாயில் படுப்போம். அவளுக்கு மாமாவைப் பிடிக்காது என்று இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அவரைவிடப் பிடித்த ஆள் உலகத்தில் இல்லை. "அவரைப் பார்த்தா எனக்கு மாமாவாத்தான்டி தெரியுது. என்னைக் கால் கழுவி உட்டவரு. அவருகிட்ட போயி எப்பிடிடி..." என்று ஒரு தடவை சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் புரிந்தது. மாமாவும் அம்மாவிடம் தயங்கித் தயங்கி, "அக்கா, நான் தூக்கி வளத்த பொண்ணு" என்று சொல்லியிருக்கிறார். அம்மா உடனே, "அப்ப பொறந்த ஊட்டு உறவு எனக்கு அத்துப் போகட்டும்னு சொல்றியா" என்று அழுதிருக்கிறாள். அவர் வாயை மூடிக்கொண்டார். இதை மாமாவே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பரிசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். நைனா செவலையைக் கறந்துகொண்டிருந்தார். நான் கன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா தீனித் தொட்டியில் புண்ணாக்கைக் கரைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினாள்.

"நைனா. மாட்டுக்கு வெளி ரத்தம் வேணும்னு பூந்தமல்லி வரைக்கும் நடந்தியே. எனக்கு ஏன் நைனா வாசப்படியையே தாண்ட மாட்டேன்ற?"

பால் பாத்திரத்தில் சர் சர் என்று விழுந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"அம்மாவோட அம்மாவும் மாமனைத்தான் கட்டுச்சி. இப்ப நானும் மாமனைக் கட்டணும். டாக்டரு சொன்னாரே, உள்ளயே போட்டுகினு போனா ஒளிஞ்சிகினு கீறதெல்லாம் வெளியில வரும்னு. நீதான நைனா ஊரெல்லாம் சொல்ற? எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

பதில் சொன்னது அம்மாதான், கையால். எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. அக்காவின் கன்னத்தில் புண்ணாக்குத் தண்ணீரோடு சேர்த்து ஓர் அறை. "மாடும் நீயும் ஒண்ணாடி? மாட்டுக்கு ஏதுடி மொறை? நாங்க மொறை வச்சி வாழுற ஜனம்டி! என் தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கச்சே வெளிய குடுத்தா ஊரு காறித் துப்பாது?" என்று கத்திவிட்டு, அவளே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டிக்குள் கையை விட்டாள்.

நைனாவைக் கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் காலை பால் ஊற்றிவிட்டு நேரே வீட்டுக்கு வரவில்லை. என்னையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். செவலைக்குக் காம்பில் வெடிப்பு, களிம்பு வேண்டும் என்று ஆரம்பித்தார். களிம்பை வாங்கி மடியில் கட்டிக்கொண்ட பிறகும் நகரவில்லை. ஈ ஓட்டினார், சுவர்ப் படத்தைப் பார்த்தார். கடைசியில், "சார், அன்னிக்கி ரத்தம் நெருங்கக் கூடாதுன்னு சொன்னீங்களே. அது மனுசாளுக்கும் அதானா சார்? அக்கா மவள, மாமன் மவள..." என்று இழுத்தார்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அட போய்யா! நான் மாட்டு டாக்டர்யா. நானே எங்க அத்தை மகளைத்தான் கட்டியிருக்கேன். எங்க ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான். எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்? மாட்டையும் மனுசனையும் போட்டுக் குழப்பிக்காம போய்ப் பொண்ணுக்குக் கல்யாணத்தைப் பண்ணுய்யா."

நைனாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. திரும்பும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டே, "படிச்சவரே சொல்லிட்டாரு, பார்த்தியா" என்று என்னிடம் சொன்னார். வழியில் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அந்த டாக்டர் நல்ல மனுஷர். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. கிடேரி என்றால் புத்தகத்தைப் பார்த்தார், மனுஷன் என்றால் தன் வீட்டைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான் பார்த்தார்கள். 

அன்று சாயங்காலம் பரிசம் போட்டார்கள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அதைப் பார்த்துவிட்டு, என்ன அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

ராணி அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு கிடேரிக் கன்று போட்டாள். பிறந்த உடனே எழுந்து நின்று மடியைத் தேடிய கன்று. குவார்ட்டர்ஸிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நைனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதற்கடுத்த வருஷம் அக்காவுக்கு ஆண் குழந்தை. அடேயப்பா, என்ன அழகு! சுருட்டை முடி, மாமாவின் மூக்கு, அக்காவின் கண். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள்.

முதலில் கண்டுபிடித்தது நைனா. கன்று பால் குடிக்காமல் ஒரு வேளை நின்றாலும் கண்டுபிடிக்கிற ஆளாயிற்றே. ஒரு நாள் பகல் சங்கு ஊதியபோது பக்கத்து வீட்டுக் குழந்தை வீரிட்டது. எங்கள் தூளி அசையவில்லை. மறுநாளும் சங்கு ஊதுகிற நேரத்துக்கு வந்து தூளிக்குப் பக்கத்தில் நின்றார். அதற்கு மறுநாளும் நின்றார். ஆள் இல்லாத சமயம் பார்த்துக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கைதட்டினார். தாம்பாளத்தைக் கீழே போட்டார். குழந்தை தன் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. நைனா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். அக்காவிடம் அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு கொட்டகைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எல்லோருமாகப் போனோம். குழந்தையைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "சொந்தத்துல கட்டினதாம்மா?" என்று கேட்டார்.  மாமா தரையைப் பார்த்தார். நைனாதான் எழுந்து நின்று, "ஆமாம்மா. தாய்மாமன். நான்தான் கட்டி வச்சேன்" என்றார். எல்லாக் குழந்தைக்கும் இப்படி வருவதில்லை, சொந்தத்தில் கட்டினால் வர வாய்ப்பு ஜாஸ்தி, இவனுக்கு அதனால் வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நைனா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அது புதுப் பாடம் இல்லை.

இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். மாமா அதற்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பையனோடு பேசுவதற்காகப் பட்டறையில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய் அவரும் கைச்சைகை கற்றுக்கொண்டார். எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தடித்த விரல்கள் காற்றில் பேசும். அக்காவும் அவரும் ஒருத்தரையொருத்தர் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நைனாதான் மாறிப்போனார். குற்றம் அவரைத் தின்றது. அதை அவர் உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. முன்னே கிடேரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்த மாதிரி இப்போது பேரனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிற வீடு என்று கேள்விப்பட்டால் கூப்பிடாமலே போய் உட்கார்ந்துகொள்வார். "வேணாங்க. என் பேரனைப் பாருங்க" என்பார். சில கல்யாணங்கள் நின்றும் போயின. நல்லது செய்தார், இல்லை என்று சொல்லவில்லை.

நான் காலேஜ் முடிக்கிற சமயம், நைனாவின் அக்கா, என் அத்தை, திருநின்றவூரிலிருந்து தட்டோடு வந்துவிட்டாள். தன் மகனுக்கு என்னைக் கேட்டு. கூடத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். அக்கா, மாமா, அவர்கள் பையன் எல்லோரும் வந்திருந்தார்கள். பையனுக்கு எட்டு வயது இருக்கும். தட்டிலிருந்து அதிரசத்தை எடுத்துத் தின்றுகொண்டு, எண்ணெய் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.  அத்தை மகனைப் பற்றி எனக்கு ஒன்றும் குறையில்லை. ஆனால் அக்கா போன வழியிலேயே நானும் போவதா என்று பாய்க் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாகூட அத்தையிடம், "நாம என்னா வேத்து மனுசங்களா" என்று ஆரம்பித்துவிட்டாள். பட்டும் அவளுக்குப் புத்தி வரவில்லை என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்போது நைனா கையைத் தூக்கினார்.

"அக்கா, கோச்சிக்காதே. சொந்தத்துல குடுக்க மாட்டேன். ஒரு தபா பண்ணது போதும்." பையனின் தோளைப் பிடித்து இழுத்து எல்லோருக்கும் எதிரில் நிறுத்தினார். "இதோ பாரு இவனை. நல்லாப் பாரு. அன்னிக்கி எம்மவ வேணாம்னு சொன்னா. நான் கேக்கல. இவன் வந்தான். இன்னொண்ணு இந்த மாதிரி வேணுமா நம்ம ஊட்டுக்கு?"

 எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளே ஒரு பெரிய பாரம் இறங்கியது. தப்பித்தேன் என்றுதான் முதலில் தோன்றியது. பையன் தாத்தா முகத்தைப் பார்த்தான், அத்தை முகத்தைப் பார்த்தான். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்றதும், தன்னை ஏதோ மெச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வாயில் அதிரசத்தோடு சிரித்தான்.

அக்கா எழுந்தாள். அவள் நைனாவிடம் குரலை உயர்த்தியதே கிடையாது, அன்றைக்கும் உயர்த்தவில்லை. போய் அவர் கையைப் பையனின் தோளிலிருந்து எடுத்தாள்.

"நான் வேணாம்னு சொன்னது கல்யாணத்தை, நைனா. இவனை இல்ல."

பையனிடம் கையால் ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான். தட்டிலிருந்து இன்னோர் அதிரசம் எடுத்து அவன் கையில் கொடுத்து, அவனைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் போனார். நைனா நீட்டிய கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

என்னை வெளியில்தான் கொடுத்தார்கள்.